கிந்தா ஆற்றுக்கு எத்தனை அடி நிலம்?

1920ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆட்சி எழுதிய ஒரு சட்டம் பேராக் மாநிலத்தில் இன்றும் நடப்பில் இருக்கிறது. தண்ணீர்ச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் 14ஆம் பிரிவைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: எந்த ஆற்றின் கரையிலிருந்தும் 50 அடிக்குள், எழுத்துபூர்வமான அனுமதி வாங்காமல் யாரும் கட்டடம் கட்டக்கூடாது. கரையை ஒட்டிச் சுவரும் எழுப்பக்கூடாது. ஆறு மாநில ஆட்சியாளருக்கு உரியது. அதன் கரையில் கை வைக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டும்.

இந்த 50 அடியை மனத்தில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்குள் கிந்தா ஆற்றையும், புந்தோங் பக்கம் சுங்கை பாரியையும், பத்து காஜா போகும் வழியில் சுங்கை ராயாவையும் பாருங்கள். சில இடங்களில் பூங்கா இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். வேறு சில இடங்களில் வேலி ஆற்றின் விளிம்பில் போய்த்தான் நிற்கிறது. கடையின் பின்புறம், பட்டறையின் பின்புறம், வீட்டுச் சமையலறையின் பின்புறம் என்று ஊரே ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் இடங்களும் உண்டு. ஆற்றுக்கென்று விட்ட நிலம் எங்கே?

ஆற்றைச் சுத்தம் செய்வது பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் குப்பை பொறுக்க வைக்கிறோம், நீரைச் சுத்தமாக்க நுண்ணுயிர் கலந்த மண்ணுருண்டை வீசச் சொல்கிறோம். நல்ல காரியங்கள், நடக்கட்டும். ஆனால் ஓர் ஆறு இன்னும் 50 ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை நில அலுவலகத்தில் இருக்கும் ஒரு கோப்புதான் முடிவு செய்கிறது. அந்தக் கோப்பைப் பற்றித்தான் நம் சமூகம் இன்னும் பேசத் தொடங்கவில்லை. பேச வேண்டிய கட்டாயம் மற்றவர்களைவிட நமக்கு அதிகம். ஏனென்றால் இன்று ஈப்போவைச் சுற்றி வீடமைப்புத் தாமான்களாக மாறிக்கொண்டிருக்கும் நிலத்தில் பெரும்பகுதி, நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்டிய நிலம்.

படகு வந்த ஆறு

2,183 மீட்டர் உயரமுள்ள குனோங் கொர்பு நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடரில் கிந்தா பிறக்கிறது. உலு கிந்தாவில் சுல்தான் அஸ்லான் ஷா அணை அதைத் தேக்கி ஈப்போவுக்குக் குடிநீர் தருகிறது. அங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வழியாக நகருக்குள் நுழைந்து, பத்து காஜாவைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கிப் பேராக் ஆற்றில் கலக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டம். பாரி, பிஞ்சி, ராயா, கம்பார் எனத் துணையாறுகள் வழியெல்லாம் வந்து சேர்கின்றன.

ஈப்போ ஈயத்தால் வளர்ந்த ஊர் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த ஈயத்தை ஏற்றிக்கொண்டு போகப் படகு வரக்கூடிய கடைசி இடமாக அது இருந்ததால்தான் ஊர் அங்கே எழுந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தெலுக் ஆன்சன் என்று அன்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தானிலிருந்து படகுகள் ஈப்போ வரை ஏறி வந்தன. 1890களில் ரயில் பாதை வரும்வரை ஊருக்கு ஆறுதான் வாசல். மேற்குக் கரையில் பழைய நகர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாவ் டெட் ஷின் கிழக்குக் கரையில் கட்டிய புதிய நகர். ஆற்றங்கரையில் 1898இல் எழுந்த பங்லிமா கிந்தா பள்ளிவாசல். சுங்கை பாரி ஓடும் புந்தோங்கில் தமிழர்களின் மாரியம்மன் கோயில். அங்கிருந்துதான் தைப்பூசத்துக்குக் காவடிகள் குனோங் சீரோ கல்லுமலைக்குப் புறப்படுகின்றன. ஊரின் சமயமும் வணிகமும் தண்ணீரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தன.

அந்த ஆற்றைக் கெடுத்தது முதலில் ஈயம். மலையடிவாரத்தை நீரால் பீய்ச்சி அடித்துக் கரைத்து, மண்ணைக் கழுவி, ஈயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆற்றில் விட்டார்கள். மணலும் சேறும் படிந்து ஆற்றின் படுகை மேலே மேலே உயர்ந்தது. படுகை உயர்ந்த ஆறு மழைக்காலத்தில் எங்கே போகும்? ஊருக்குள்தான். 1926 டிசம்பரில் மலாயாவின் பல மாநிலங்களை மூழ்கடித்த பெருவெள்ளம் ஈப்போவையும் விடவில்லை. பழைய நகர் தண்ணீரில் நின்ற புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. ஆறு ஆண்டு கழித்து, 1932இல், வடிகால் நீர்ப்பாசனத் துறை தொடங்கப்பட்டது. இன்று நாம் ஜே.பி.எஸ். என்று சொல்லும் துறை அதுதான். ஈயத்தின் விலை 1985இல் சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் அந்தச் சேறும், ஆயிரக்கணக்கான ஏக்கரில் கிடக்கும் ஈயக்குட்டைகளும் நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன.

இந்தக் குட்டைகளைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவற்றைத் தூர்த்து வீடு கட்டுவதை வளர்ச்சி என்று எண்ணுகிறோம். பெருமழையில் ஆற்றுக்குப் போகவேண்டிய தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டிகள் அவை. பத்து காஜா அருகே கிந்தா இயற்கைப் பூங்காவில் இதே போன்ற குட்டைகளில்தான் நாரையும் கொக்கும் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ஒரு குட்டையைத் தூர்ப்பதற்கு முன், அது எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது என்று கணக்குப் பார்த்தார்களா என்று கேட்பது நம் உரிமை.

ரப்பர் தந்த சேறு

ஆற்றில் மண் சேர்ந்த கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அது நாம் விரும்பி எடுத்துக்கொண்ட பங்கு அல்ல. ரப்பர் தோட்டங்களின் தொடக்க காலத்தில் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார்களின் கட்டளை. தரை வெறுமையாகத் தெரிய வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், நாள் முழுக்கக் குனிந்து புல் வெட்டினார்கள். மூடாக்கு இல்லாத மலைச்சரிவில் வெப்பமண்டல மழை விழுந்தால் என்ன ஆகும்? மேல்மண் முழுக்கக் கரைந்து ஓடைக்குப் போனது, ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போனது. பின்னாளில்தான் கொடிப்பயிர்களைப் படரவிட்டு மண்ணைக் காக்கும் முறை வந்தது. அதற்குள் பல அங்குல மண் போய்விட்டது.

பத்து காஜா அருகே சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் கெல்லி கோட்டை சுங்கை ராயா கரையில்தான் நிற்கிறது. கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தை உருவாக்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் மாளிகை அது. அதைக் கட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்தார். கொள்ளைநோய் பரவித் தொழிலாளர்கள் மடிந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்தக் கோயிலின் மேல் துரையின் சிலையும் இருக்கிறது. பெருவெள்ளம் வந்த அதே 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. சுற்றுலா வருபவர்கள் மாளிகையைப் பார்க்கிறார்கள். நான் அவர்களைக் கொஞ்சம் திரும்பி ஆற்றைப் பார்க்கச் சொல்வேன். அந்தத் தோட்டத்துக்கும் அதில் உழைத்தவர்களுக்கும் தண்ணீர் தந்தது அதுதான்.

தோட்டத்தில் ஆறு அன்றாட வாழ்க்கையாக இருந்தது. லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றால் ஆற்றுக்குத்தான் போவார்கள். துணி துவைத்தார்கள், மீன் பிடித்தார்கள், திருவிழாவில் கரகம் பாலித்தார்கள், இறந்தவரின் அஸ்தியைக் கரைத்தார்கள். அதே ஆற்றில்தான் ரப்பர் ஆலைக் கழிவும் புளித்த நாற்றத்தோடு கலந்தது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் கழிவுநீர் விதிகள் வந்தன. நாட்டின் இரண்டு பெரிய தோட்டத் தொழில்களை அரசு அன்று நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டது. உரிமம் இல்லாமல் ஆலை நடத்த முடியாது, அளவுக்கு மேல் கழிவை விட முடியாது என்றானது. ஆலைகள் கழிவுக் குளங்கள் வெட்டின. விதி எழுதி, அதை நிறைவேற்றவும் ஆள் வைத்தால் ஆறு மீளும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

குழாய் வழியாக வரும் கழிவுக்கு இப்படி விதி கிடைத்துவிட்டது. கரை நிலத்துக்கு அதே உறுதி இன்னும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு வாய்ப்பு

ஆற்றங்கரை நிலம் ஏன் தேவை என்பதை நீளமாக விளக்க வேண்டியதில்லை. மரவேர் கரையைப் பிடித்து வைக்கிறது. புல்லும் புதரும் மழைநீரோடு வரும் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வடிகட்டுகின்றன. நிழல் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்து மீனைக் காக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளம் வரும்போது ஆறு அகலக் கால் வைக்க இடம் கிடைக்கிறது. அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு கான்கிரீட் சுவர் எழுப்பினால் தண்ணீர் வேகமெடுத்துக் கீழ்ப்பக்கத்து ஊரை அடிக்கும். மேலே தாமான் பிழைத்துக்கொள்ளும், கீழே கம்போங் மூழ்கும்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலாமில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியில் இருக்கும் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அங்கே சிக்கிக்கொண்டவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். பேராக்கும் வெள்ளத்துக்குப் புதிதல்ல. 1967 ஜனவரியில் பேராக் ஆறு கோலகங்சாரையும் கீழ்ப்பக்கத்து ஊர்களையும் புரட்டிப் போட்டது.

ஆற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு ஜே.பி.எஸ். தெளிவான அளவு வைத்திருக்கிறது. இரு கரைகளுக்கும் இடையே ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால், ஒவ்வொரு பக்கமும் 50 மீட்டர் நிலம் ஆற்றுக்கு விட வேண்டும். 20 முதல் 40 மீட்டர் அகலம் என்றால் 40 மீட்டர். 10 முதல் 20 என்றால் 20 மீட்டர். 5 முதல் 10 என்றால் 10 மீட்டர். 5 மீட்டருக்கும் குறைந்த சிற்றோடைக்குக்கூட 5 மீட்டர் உண்டு. இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இவை வழிகாட்டி அளவுகள். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒரு நிலத்தை ஆற்று ரிசர்வ் என்று அளந்து, வரைபடத்தோடு கெஜட்டில் அறிவித்தால்தான் அதற்குச் சட்ட வலிமை முழுதாகக் கிடைக்கும். அறிவித்துவிட்டால் அந்த நிலத்தை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுப்பது எளிதல்ல. ரிசர்வை நீக்க வேண்டுமானால் அதையும் பகிரங்கமாகக் கெஜட்டில் அறிவித்துத்தான் நீக்க வேண்டும். அறிவிக்காதவரை ஒவ்வொரு திட்டத்துக்கும் பேரம்தான். இங்கே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு சுவர் கட்டித் தருகிறோம், இதைப் பூங்காக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போகும்.

நிலமும் ஆறும் கூட்டரசு அரசமைப்பின்படி மாநில அரசின் பொறுப்பு. கோலாலம்பூரைக் குறை சொல்லித் தப்பிக்க இதில் வழி இல்லை. சபா மாநிலம் 1998இல் தன் நீர்வளச் சட்டத்திலேயே எண்ணை எழுதிவிட்டது: 3 மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள எந்த ஆற்றுக்கும் கரையிலிருந்து 20 மீட்டர் ரிசர்வ். அளந்து அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பேரத்துக்கும் இடமில்லை. சிலாங்கூர் 1999இல் ஆறுகள் உள்ளிட்ட நீர்வளத்துக்கென்றே தனி நிர்வாக அமைப்பைச் சட்டம் போட்டு உண்டாக்கியது. ஒரு மாநிலம் மனம் வைத்தால் செய்யலாம் என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

இனித் தோட்ட நிலத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் கொடுத்த தோட்டக் கிரான்கள், அதாவது நிலப் பட்டாக்கள், பலவற்றில் எல்லைக்கோடு ஆறு வரைக்கும் போகும். அன்று ஆற்றுக்கென்று யாரும் பட்டை ஒதுக்கவில்லை. மரம் கரை வரை நட்டார்கள். பின்னர் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோதும் அப்படித்தான். அந்தப் பழைய பட்டா மாறாமல் இருக்கும்வரை உரிமையாளரிடமிருந்து நிலத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அரசு இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்த வேண்டும்.

ஆனால் அதே தோட்டத்தில் வீடு கட்ட நினைக்கும் நாள் ஒன்று வருகிறதே, அன்று நிலைமை அப்படியே மாறிவிடும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவோ துண்டு போடவோ தோட்ட நில வாரியத்தின் இசைவு வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அல்லது பழைய பட்டாவை ஒப்படைத்துவிட்டுப் புதிய எல்லைகளோடு புதிய பட்டா வாங்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் நகர் மற்றும் கிராமத் திட்டமிடல் சட்டப்படி மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். 100 ஹெக்டருக்கு மேற்பட்ட புதிய நகரமைப்பு என்றால் தேசியத் திட்டமிடல் மன்றத்தின் ஆலோசனையும் கேட்க வேண்டும். இத்தனை கதவுகளையும் தட்டும் நிறுவனத்திடம், 'ஆற்றை ஒட்டிய 50 மீட்டரை அரசிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்' என்று அரசு சொல்லலாம். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. விவசாய நிலம் கட்டட நிலமானதும் அதன் விலை பல மடங்கு ஏறப்போகிறது. அந்த ஏற்றத்தைத் தருவதே அரசின் கையெழுத்துதான். கையெழுத்துக்கு ஈடாக ஆற்றுக்கு நிலம் கேட்பதில் எந்த அநியாயமும் இல்லை.

இந்த வாய்ப்பு ஒரு நிலத்துக்கு ஒரு முறைதான் வரும். தாமான் கட்டி, வீடு விற்று, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பெயரில் தனித்தனிப் பட்டா வந்துவிட்டால் பிறகு யாரிடம் போய் நிலம் கேட்பது?

ஆசை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு 1 கிலோமீட்டர் நீளத்துக்கு இருபுறமும் 50 மீட்டர் விட்டால் 10 ஹெக்டர், அதாவது கிட்டத்தட்ட 25 ஏக்கர் போகும். 20க்கு 70 அடி அளவுள்ள வரிசை வீட்டு மனைகள் சாலையும் வடிகாலும் கழித்த பின்னும் சில நூறு அதில் அடங்கும். ஆற்றுப் பட்டையைக் குறைக்க ஏன் இவ்வளவு முயற்சி நடக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். வேறு ஒரு தந்திரமும் உண்டு. வீடமைப்புத் திட்டத்தில் பொதுவாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். ஆற்றுப் பட்டையையே அந்த 10 விழுக்காட்டில் சேர்த்துக் காட்டினால் ஒரே நிலம் இரண்டு கடமையைத் தீர்த்துவிடும். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும் கிடைக்காது, ஆற்றுக்கு ஒதுங்க இடமும் கிடைக்காது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜே.பி.எஸ். வழிகாட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது பற்றியது. வீடுகள் ஆற்றைப் பார்த்து நிற்கட்டும், இடையில் ஒரு சாலை ஓடட்டும் என்கிறது அது. சின்ன விதிதான். ஆனால் வாசலில் ஆறு இருந்தால் யாரும் அதில் குப்பை கொட்ட விடமாட்டார்கள். கரை இடிந்தால் அன்றே தெரியும், தூர்வார வண்டி வரவும் வழி இருக்கும். கொல்லைப்புறத்தில் இருக்கும் ஆற்றுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

முதலில் யார் வெளியேற வேண்டும்?

ஆற்றைக் காக்கும் விதி என்றதும் நம் மக்களில் பலருக்கு நெஞ்சு பதைக்கும். காரணம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, லயத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. நகரத்தின் ஓரத்தில் யாரும் கேட்காத நிலத்தைத் தேடிப் போனார்கள். ரயில் பாதையோரம், ஈயக்குட்டையோரம், ஆற்றோரம். பலகை வீடு கட்டினார்கள். சிலருக்கு டி.ஓ.எல். என்ற தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கிடைத்தது. அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடியும். மறு ஆண்டுக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அப்படியே 30, 40 ஆண்டு கட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட உரிமையாளர் ஆவதில்லை.

ஒரு நாள் 'ஆற்று ரிசர்வ்' என்று நோட்டீஸ் வரும். சட்டம் படித்தவர்கள் சொல்வது சரி, அந்த வீடு இருக்கக்கூடாத இடத்தில்தான் இருக்கிறது. முதல் வெள்ளத்தில் மூழ்குவதும் அந்த வீடுதான். ஆனால் அதே ஆற்றின் மேல்பக்கத்தில் பட்டாவோடு, அனுமதியோடு, கரையை ஒட்டிக் கட்டிய பெரிய கட்டடத்துக்கு நோட்டீஸ் போவதில்லை. ரிசர்வ் என்பது ஏழையை விரட்ட மட்டும் பயன்படும் சொல்லாகிவிட்டால், ஆற்றைக் காக்கும் எண்ணத்தையே மக்கள் வெறுப்பார்கள். வெறுத்தால் அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

சென்னையில் இதைத்தான் பார்த்தோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. அதன் இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டதுதான். ஓடுபாதை இன்றும் அங்கேதான் இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களோ நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை நகரத்தில், பள்ளி நகரத்தில், வீடு மட்டும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். ஆற்றைக் காக்கப் போய் ஏழைகளைச் சதுப்பில் குடியேற்றினார்கள். ஈப்போவும் பேராக்கின் மற்ற ஊர்களும் இந்தத் தவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டாம். ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுக்கு முதலில் அதே வட்டாரத்தில், பிள்ளைகள் பள்ளி மாறாமல் போகக்கூடிய தூரத்தில், வாங்கக்கூடிய விலையில் வீடு. சாவி கையில் வந்த பிறகுதான் பழைய வீட்டை உடைக்கும் வேலை. இந்த வரிசை மாறக்கூடாது.

கோயில்களின் கதையும் இதோடு சேர்ந்தது. தோட்டம் கைமாறும்போது கோயில் நிலம் தனியாகப் பிரித்துக் கொடுக்கப்படாமல் போவதால், தலைமுறைகளாகக் கும்பிட்ட கோயில் திடீரென்று அடுத்தவர் நிலத்தில் இருப்பதாகிவிடுகிறது. ஆற்றங்கரை முனியாண்டிக்கும் மாரியம்மனுக்கும் இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. இதற்கும் தீர்வு அதே கோப்பில்தான் இருக்கிறது. நில வகை மாற்றம் நடக்கும்போதே, ஆற்றுப் பட்டையை அளக்கும் அதே நில அளவையாளர் கோயில் நிலத்தையும் அளந்து தனிப் பட்டாவாகப் பிரிக்கலாம். வெள்ளம் தொடாத மேட்டில் மாற்று இடம் தேவைப்பட்டால் அதையும் அன்றே முடிவு செய்யலாம். தாமான் எழும்பிய பிறகு கோயிலுக்குப் போராடுவதைவிட இது எளிது. நம் கோயில் நிர்வாகங்கள் கும்பாபிஷேகத்துக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை நில அலுவலகத்துக்கும் காட்ட வேண்டும்.

கேட்பதற்கு ஒரு காலம் உண்டு

1965 வரை ஈப்போ மக்கள் தங்கள் நகராண்மைக் கழக உறுப்பினர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி அந்த மன்றத்தை ஆண்டது. சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் யாரிடம் போவது என்பது ஊருக்குத் தெரியும். அந்த ஆண்டில் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, பின் திரும்பவே இல்லை. இன்றைய ஈப்போ மாநகர் மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். எங்கே வீடு, எங்கே ஆலை, ஆற்றுக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவர்கள் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

அதே 1976ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் நமக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் தயாரிக்கும்போது, அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் காலம் கொடுக்க வேண்டும். ஆட்சேபித்தவர் கேட்டுக்கொண்டால் நேரில் அழைத்து விசாரிக்க வேண்டும். எந்த நிலம் எந்த நிறம் என்பது அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. ஆற்றோரம் பச்சை நிறத்தில் இருக்கிறதா, வீடமைப்பின் நிறத்தில் இருக்கிறதா என்பதை அன்று பார்க்காவிட்டால் அடுத்த திருத்தம் வரப் பல ஆண்டுகள் ஆகும்.

அப்படிக் கண்காட்சி வைக்கும் இடங்களுக்கு நம் ஆட்கள் எத்தனை பேர் போகிறார்கள்? கோயில் தலைவர்கள், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், குடியிருப்பாளர் சங்கத்தினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒரு முறை சேர்ந்து போக வேண்டும். உங்கள் தாமானை ஒட்டி ஓடும் ஆற்றின் அகலத்தை வரைபடத்தில் பாருங்கள். அதற்கு ஜே.பி.எஸ். சொல்லும் அளவு என்ன, வரைபடத்தில் விட்டிருப்பது என்ன என்று ஒப்பிடுங்கள். மேலே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன எண்கள் இதற்குத்தான். அந்தப் பட்டை கெஜட் செய்யப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், எப்போது செய்வீர்கள் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரைச் சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு தோட்டம் விற்பனைக்கு வருகிறது, வேலி போடுகிறார்கள், மரம் சாய்க்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றே மாநகர் மன்றத்திலும் நில அலுவலகத்திலும் போய் விசாரியுங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு போனால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், எண்களைத் தெளிவாகப் போடுங்கள், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.